ஜெயித்ததை வேண்டாமென்று சொல்லக்கூடாது

பால்பவுடர் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே கைவிட்டு, ஒரு கட்டையை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் ஆலிங் செனியா.

"ஐ இருபத்திரண்டு! மங் குலாஸுக்குக் கல்யாணம் ஆன வயசு. புத்தி வந்த வயசு இல்ல, அது இன்னும் டின்னுக்குள்ளதான் கெடக்கு!"

தெருவே சிரிக்கிறது. மங் குலாஸும் சிரித்துக்கொண்டே தன் அட்டையில் ஒரு மக்காச்சோள மணியை வைக்கிறார்.

வயதான பெண்களை ஆலிங் என்றும் ஆண்களை மங் என்றும் மரியாதையாகக் கூப்பிடும் லிபா ஊரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நடக்கிற பிங்கோ இது. கூப்பிடும் எண் அட்டையில் இருந்தால் மணி வைக்க வேண்டும்; ஒரு வரிசை நிரம்பியதும் முதலில் 'பிங்கோ' என்று கத்துபவருக்குப் பரிசு. அட்டைக்கு வாங்கும் சில்லறை கோயில் பூவுக்குப் போகிறது. பரிசெல்லாம் ஆலிங் செனியாவின் வீட்டிலிருந்து வருகிறது. வீட்டை விற்றாயிற்று. இந்த மாதக் கடைசியில் மணிலாவில் மகள் ஜோஸ்லினின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக வேண்டும். "அங்க ஒருத்தர் தும்மினா இன்னொருத்தர் ஜன்னல் வழியா வெளிய போகணும்" என்பது அந்த வீட்டைப் பற்றி அவர் சொல்லும் வர்ணனை.

முதலில் சாமான்களைச் சும்மாதான் கொடுத்துப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. கணவர் மங் தோரோ இறந்து வருஷம் திரும்பவில்லை. செத்தவர் கைபட்ட பொருளை வீட்டுக்குள் விடக்கூடாது என்று ஊரில் ஒரு பயம். பக்கத்து வீட்டு டெலி, வாழைப்பழம் பொரித்து விற்பவள், அவருடைய மின்விசிறியை மூன்று சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். பிறகு துக்கம் முடிக்கும் வருஷப் பூசை வந்தது. ஜெபம் முடிந்து வழக்கம்போலப் பிங்கோ ஆடியபோது பரிசு தீர்ந்துபோக, ஆலிங் செனியா அதே மின்விசிறியைத் தூக்கிவந்து வைத்தார். ஜெயித்தது டெலி. குழந்தையை வாரியெடுப்பதுபோல் அதைக் கட்டிக்கொண்டு ஓடினாள்.

"பாத்தியா டெலி? சும்மா குடுத்தா செத்தவன் சாமான். ஜெயிச்சா அதிர்ஷ்டம்!"

அன்றைக்குப் பிடித்த நூலை அவர் விடவே இல்லை. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, ஒரு பக்கம்கூடப் புரட்டாத கலைக்களஞ்சியம், பொத்தானும் ஊசிநூலும் அடைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கின. சட்டம் ஒன்றே ஒன்று: ஜெயித்ததை வேண்டாமென்று சொல்லக்கூடாது. சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டுகிற ராட்சத மரக்கரண்டியும் முள்கரண்டியும் டெலி தலையில் விழுந்தபோது அவள் அழாத குறை.

"ஆலிங், எங்க வீட்ல கரண்டி கூரைய இடிக்குது!"

"கூரைய உசத்திக்கோ. ஜெயிச்சதத் தள்ளினா புனிதருங்க கோவிச்சுப்பாங்க."

புனிதர்களின் கோபதாபம் முழுவதும் அவர் கைவசம்தான் இருந்தது.

கடைசியில் எஞ்சியது மங் தோரோவின் ஆடும் நாற்காலி. அவர் போனபின் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை; தூசு தட்டும்போதுகூட ஆலிங் செனியா நின்றுகொண்டே தட்டுவார். அதை மட்டும் கூட்டிப்போக வேண்டும் என்று மகளிடம் எத்தனையோ விதமாகக் கேட்டாயிற்று.

"அம்மா, அது வந்தா பாப்பா கட்டில எங்க போடறது? மாடியிலயா?" என்றாள் ஜோஸ்லின்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறுதான் கடைசிப் பிங்கோ. கூட்டிப்போக மகளும் வந்திருந்தாள். நாற்காலி நடுத்தெருவில் பரிசாக நின்றது. ஆலிங் செனியா டின்னை மங் குலாஸ் கையில் திணித்துவிட்டு, ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு டெலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இதுவரை அவர் ஆடியதே இல்லை.

"என்னம்மா இது?" என்றாள் ஜோஸ்லின்.

"நான் ஜெயிச்சா நாற்காலி மணிலாவுக்கு வருது. சட்டம் சட்டம்தான். புனிதருங்ககிட்ட நீ பேசிக்கோ."

ஜோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

டெலி தன் அட்டையைப் பார்த்தாள். கூப்பிட்ட எண்கள் வரிசையாக அவளிடம் இருந்தன. சோள மணிகளை உள்ளங்கையிலேயே மூடிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் எதிர்வரிசைக் கிழவிகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த டிரைசைக்கிள் ஓட்டி நெஸ்தோருக்கு மட்டும் இந்தச் சதி புரியாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு கர்மசிரத்தையாக மணி வைத்துக்கொண்டிருந்தான்.

நெஸ்தோரின் மனைவி லிவாய் நிறைமாசம். நின்று நின்று கால் கடுத்துப்போய், யாரையும் கேட்காமல் பரிசு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு மூச்சைப் பிடித்தது. நாற்காலி முன்னும் பின்னும் ஆடியது. லிவாய் வீங்கிய பாதங்களிலிருந்து செருப்பை உதறினாள். இரண்டு எண் கூப்பிடுவதற்குள் வாய் லேசாகத் திறக்கத் தூங்கிப்போனாள்.

ஆலிங் செனியா எழுந்து இரையப்போகிறார் என்று டெலி பயந்தாள். அவர் இரையவில்லை. அட்டையைக்கூட மறந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மங் குலாஸ் கூப்பிட்ட எண்ணை டெலிதான் முழங்கையால் இடித்து நினைவூட்ட வேண்டியிருந்தது.

"ஓ அறுபத்தெட்டு! ஓ அறுபத்தெட்டு!"

அந்த எண் ஆலிங் செனியாவிடம் இருந்தது. மணியை வைத்தார். குறுக்கு வரிசை ஓட்டை இல்லாமல் நிரம்பியது. டெலி பார்த்துவிட்டாள். கத்துங்கள், கத்துங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். மகள்கூடக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

ஆலிங் செனியா நெஸ்தோரின் அட்டையை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன குலாஸ், தூங்கறியா? அடுத்தத எடு. இந்தப் பையனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி!"

சொல்லிக்கொண்டே, அறுபத்தெட்டின் மேலிருந்த மணியை ஒற்றை விரலால் அட்டையைவிட்டு மெல்லத் தள்ளினார்.