ஃபெரெட்டியின் ஐஸ்கிரீம்

தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ராவை விட்டு ஃபெரெட்டி ஊதிக்கொண்டிருக்கிறான். குமிழ் பொங்குகிறது, கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு ‘ஊ’ ஏறி இறங்குகிறது. ஒட்டாஹுஹு நிலையத்தில் அவன் ஓட்டுகிற பஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. முன்சீட்டுப் பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. குரலை நோகாமல் பழக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று எவனோ ஒரு ஜெர்மன்காரன் சொல்லிவிட்டானாம்.

பிப்ரவரிக் கோடை வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. ஓபராக் குழுவுக்குப் பாடகர்களைப் பொறுக்கியெடுக்கிற ஆடிஷன் வாரம் என்றால் வாயைத் திறக்கமாட்டான். வணக்கம் சொல்லி ஏறுகிறவர்களுக்குப் பாதிரியார் மாதிரிக் கையைத் தூக்குவான். “என்னப்பா, பொண்டாட்டியோட சண்டையா?” என்று கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவான். “ஓ, மறுபடியும் அந்த ஓபராவா! நடக்கட்டும், நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

எங்கள் சமோவாக்காரர்களின் மாதாகோயிலில் நான் ஆர்கன் வாசிக்கிறேன். அவனுடைய ஆடிஷன்களுக்குப் பியானோவும் நான்தான். தங்கையைக் கட்டியவனிடம் கூலி கேட்க முடியுமா? முப்பது வயதில் போனபோது, “அடிக்குரல் இன்னும் பழுக்கவில்லை, பிறகு வா” என்றார்கள். இப்போது நாற்பதை நெருங்குகிறான். “முன்னாலேயே வந்திருக்கலாமே” என்கிறார்கள். பிஞ்சுக்கும் முற்றலுக்கும் நடுவே காய் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எந்த வாரம் வந்து போனது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஆடிஷனில் முதல் பாட்டு பாடகனின் விருப்பம். அது பிடித்திருந்தால், அவன் கொண்டுவந்த மற்ற பாட்டுகளில் ஒன்றை நடுவர்கள் கேட்பார்கள். பிடிக்காவிட்டால், “ரொம்ப நன்றி.” இத்தாலியப் பாட்டும் ரஷ்யப் பாட்டும் மாதக்கணக்கில் நெட்டுருப் போட்டவன், ஒன்றைப் பாடிவிட்டு மிச்சத்தை வயிற்றிலேயே சுமந்துகொண்டு திரும்புவான்.

முடிந்த கையோடு ஐஸ்கிரீம். குளிர்ந்த தண்ணீர்கூடத் தொடாத ஆள், அன்றைக்கு மட்டும் வண்டிக்காரனிடம் பெரிய கூம்பாக வாங்கிப் பல் கூசக் கூசத் தின்பான். குரலுக்கு லீவு விட்டாயிற்று என்று அர்த்தம். “இத்தோட சரி மச்சான். பஸ்ஸே போதும்.” எல்லாம் பிரசவ வைராக்கியம். அடுத்த வாரமே ஸ்ட்ரா வந்துவிடும்.

இந்த முறை மட்டும் அந்தப் பேச்சை முன்கூட்டியே, சிரிக்காமல் சொன்னான். ஊர் ஊராகப் போகிற குழுவில் அடிக்குரலுக்கு ஒரே ஓர் இடம். நாற்பது தாண்டினால் கூப்பிடமாட்டார்கள். ஆடிஷன் சனிக்கிழமை காலை.

அந்த வாரம் பார்த்து அவனுடைய அத்தை சியெனி செத்துப்போனாள். ஒவ்வோர் ஆடிஷனுக்கும் கூடவே வந்து, வராந்தாவில் விசிறியோடு உட்கார்ந்து, “உள்ள இருக்கறவனுங்களுக்குக் காது இருக்கா இல்லையாடா?” என்று உள்ளே கேட்கும்படி விசாரிப்பவள். அடக்கத்துக்கு முன் அவளைப் பெட்டியில் வைத்துப் பாடுகிற குடும்ப ஜெபம் அதே சனிக்கிழமை மாலை.

அந்த ஜெபத்துக்காக வெள்ளிக்கிழமை மாதாகோயில் பாடகர் குழுவில் ஒத்திகை. ஆடிஷனுக்கு முந்தின நாள் ஓபராக்காரர்கள் முழுக் குரலை எடுக்கமாட்டார்கள், முணுமுணுத்துச் சமாளிப்பார்கள். எங்கள் சாவு வீட்டில் யாரும் அப்படிப் பாடியதில்லை. ஃபெரெட்டி முணுமுணுத்தான். குழுவை நடத்துகிற மாகெரிட்டா கையைக் கீழே போட்டாள்.

“டேய் ஃபெரெட்டி, செத்தது சியெனியா, நீயா?”

“நாளைக்குக் காலைல ஆடிஷன்க்கா.”

“நாளைக்குச் சாயங்காலம் அவ பெட்டில படுத்திருப்பா. கேக்கவா போறான்னு நெனச்சிட்டியா? உனக்காக வாசல் வாசலா உக்காந்தவடா அவ!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறமும் முணுமுணுப்புதான். எனக்கே கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை வராந்தாவில் அத்தையின் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் உள்ளே போனான். நன்றாகப் பாடினான். மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை. கடைசிக் கீழ்ச்சுரம் இறங்கி உட்கார்ந்தபோது என் விரல்களுக்குக் கீழே பியானோ அதிர்ந்தது. நடு நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். நான் ரஷ்யப் பாட்டின் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

“ரொம்ப அழகாக இருந்தது” என்றாள். “நன்றி.”

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபெரெட்டிதான் தாள்களை அடுக்கினான். “எந்திரி மச்சான். அடுத்த பையன் நிக்கிறான் பாரு.”

வெளியே ஐஸ்கிரீம் வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. வரிசையில் நின்று, இருப்பதிலேயே பெரிய கூம்பாக வாங்கிவந்து நீட்டினேன். அது உருகி என் மணிக்கட்டில் வழிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நீ தின்னு” என்றான். “சாயங்காலம் அத்தைக்குப் பாடணும்.”

கம்பளித் துண்டைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ஸ்ட்ராவைப் போட்டு ஊத ஆரம்பித்தான்.