கையோடு வந்த நட்டு

திம்மராயனுக்குப் புகழ்ச்சி என்றால் கொஞ்சம் பலவீனம். குருபரப்பள்ளி சாலையோரத்தில் கொட்டகை போட்டு லாரியும் ஆயில் இன்ஜினும் பார்த்துப் பிழைத்தவன். "உன் கை பட்டாத்தான் சரியாவும்" என்று யாராவது சொல்லிவிட்டால் சோற்றையும் மறந்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒரு காலை, ராஜப்பன் தம் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்ததும் அப்படியொரு வார்த்தையோடுதான். அந்தப் பக்கத்தில் பெரிய நிலக்காரர். தம் கிணற்று இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஒருவரிடம் ஒப்படைக்க இருந்தார். திம்மராயனும், அவன் தங்கை சரசம்மாவின் புருஷன் முனிவேலும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"சைலன்சர் அடைச்சிக்கிட்டு மேடு ஏற மாட்டேங்குது. முனிவேலுகிட்டதான் மொதல்ல உட்டேன். நட்டு துருவேறிக் கெடக்குது, எங்க மச்சான் கைக்குத்தான் வரும்னு அனுப்பிட்டான்" என்றார்.

திம்மராயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையைப் போட்டிக்காரனாக நினைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

இறுகிய நட்டோடு மல்லுக்கட்டுகிறவன் அல்ல அவன். துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்தினான். முனகிக்கொண்டே ஒரு நட்டு வந்தது. அடுத்ததில் ஸ்பேனரை வைத்தான். அழுத்தவே இல்லை, பாதி போல்ட்டோடு கையில் வந்துவிட்டது.

"ஒடச்சிட்டியா?" என்றார் ராஜப்பன்.

புது முறிவு வெள்ளையாய் மின்னும். இந்த முறிவின் முகத்திலோ கிரீசும் கரியும் அப்பியிருந்தன. உடைந்த துண்டை மெல்லிய செப்புக் கம்பி சுற்றி நிறுத்தி வைத்திருந்தார்கள். எவ்வளவு பொறுமையாகச் செய்த வேலை! திம்மராயனுக்கு முன்னால் இதில் கை வைத்தவன் முனிவேல் ஒருவன்தான்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த முனிவேல் மெல்ல எழுந்து வந்தான்.

"மாப்ளே, இது முன்னயே ஒடஞ்சது. ஐயாகிட்ட நீயே சொல்லிடு" என்று துண்டை நீட்டினான் திம்மராயன்.

முனிவேல் அந்தத் துண்டைப் பார்க்கவேயில்லை. "பாத்து எடுக்கணும் மச்சான். அதுக்குத்தான உங்ககிட்ட அனுப்பினேன்" என்றான்.

கடைசியாக ஸ்பேனர் வைத்தவன்தான் உடைத்தவன் என்பது அந்தச் சாலையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கு. அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. இன்ஜின் வேலை முனிவேலுக்கு என்று ராஜப்பன் அங்கேயே சொல்லிவிட்டார்.

மிச்ச போல்ட்டைத் துளையிட்டு எடுத்து, புதிதாக ஒன்று கடைந்து மாட்டி, கரி சுரண்டி, ஸ்கூட்டரை ஓடவைத்துக் கொடுத்தான் திம்மராயன். ராஜப்பன் அதில் ஏறி மேட்டுப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் சரசம்மா தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அவருக்கு இன்ஜின் வேல கெடச்சிருச்சுண்ணா. நீதான் எங்களுக்காக உட்டுக் குடுத்தியாமே. அவரே சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு."

திம்மராயன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தூக்குவாளியை வாங்கிக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றான்.