பட்டமரத்தில் அடித்த பலகை

கூடாரமடித்துத் தங்கும் முகாம் திடலின் காவலாளியை எல்லோரும் ‘பெயின்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விழப்போகிற மரங்களில் சிவப்பு வட்டம் போடுவது அவர் வேலை. வட்டத்தைப் பார்த்து ஆள் வந்து வெட்டவேண்டும். அவரும் போட்டுக்கொண்டேயிருந்தார், வெட்டத்தான் நாதியில்லை. ஆள் கேட்டால் அலுவலகம் இன்னொரு டப்பா பெயின்ட் அனுப்பும்.

“நிதி இல்லய்யா, என்னை என்ன பண்ணச் சொல்ற?” என்பார் அதிகாரி.

கடைசியில், மரங்களால் ஆபத்து என்று திடலையே இழுத்து மூடினார்கள். கூடாரமும் குழந்தைகளுமாக வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். திட்டு முழுக்க இவருக்கு.

அறிவிப்புப் பலகை மாட்ட வந்தவன், கம்பம் தரவில்லை என்று வாசலில் நின்ற பட்டமரத்திலேயே ஆணியடித்துவிட்டுப் போனான். இவர் முதன்முதலில் வட்டம் போட்ட மரம் அது. வட்டத்தையும் பலகை மறைத்துவிட்டது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி, எழுத்து பொடியாக இருந்ததால் மரத்தடிக்கே போய் அண்ணாந்து படித்தாள். “மரம் விழும், கிட்ட வராதீங்கன்னு போட்டிருக்குங்க.”

“படிச்சிட்டல்ல? முதல்ல அங்கேருந்து நகரு தாயே!”

அன்றிலிருந்து அவருக்குப் புது வேலை: அறிவிப்பைப் படிக்க வருகிறவர்களைப் படிக்கவிடாமல் விரட்டுவது.