கவிழ்த்து வைத்த டம்ளர்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை பெற்றது. ஆறையும் ஒரே பானைக் கஞ்சியில் வளர்த்தேன், யாரிடமும் போய்க் கை நீட்டியதில்லை. எழுத்துக் கூட்டி வேதம் வாசிப்பேன், எழுதக் கை வராது, அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி பிளெஸி எழுதுகிறாள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கிற ஆள் நான். இப்போதும் அதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தங்கை பெற்றவன் சேவியர். தங்கை பொழியூரில் ஒரு கடல்காரனைக் கட்டிப் போனாள், இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள், பையனை நான் பாறசாலைக்குத் தூக்கி வந்துவிட்டேன். வரும்போதே ஒரு பழக்கத்தோடு வந்தான். எதைக் குடித்தாலும் குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைப்பான். கடற்கரை வீட்டில் காற்றுக்கு மணல் வந்து விழும், அதனால் அங்கே அப்படி வைப்பார்களாம். இங்கே ஏது மணல் என்று எவ்வளவு திட்டியும் மாறவில்லை. மீசை முளைத்ததும் அப்பன் போன கடலுக்கே போய்விட்டான், அங்கேயே ரீத்தாவைக் கட்டினான்.

போன மழைக்காலத்தில் அவன் போன வள்ளத்தை அலை அடித்துப் போட்டது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் வரவில்லை, உடலும் வரவில்லை. நான் அழவில்லை. மரத்துப் போன கால் மாதிரி உள்ளே ஒன்று கிடந்தது, அவ்வளவுதான். மழை விட்டு, ஓணமும் போய், கிறிஸ்துமஸ் வரப் போகிறது, இனி நினைவு ஜெபம் வைத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெபம் வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று நாங்களே சொன்னதாக ஆகும். ரீத்தா சம்மதிக்காமல் வைக்க முடியாது. நியாயமாக அவளிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்துவிட்டு, வேண்டப்பட்டவர்களுக்குச் சொல்ல மூத்த மகன் ஜஸ்டினோடு காரில் கிளம்பினேன். துக்கம் சொல்லப் போகிற வீட்டில் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வாறேன் என்று சொல்லி இறங்கக் கூடாது. எங்கள் பக்கம் அப்படித்தான்.

முதலில் பனச்சமூடு, அண்ணன் பெண்டாட்டி வீடு. வந்த காரியம் தெரியாமல் மைனி இரண்டு டம்ளரில் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து அரைச்சுவரில் வைத்தாள். நான் நின்றபடியே சொன்னேன். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்கும்போது பார்க்கிறேன், ஒரு டம்ளர் வைத்தபடி நிறைய இருக்கிறது, மற்றது கவிழ்ந்திருக்கிறது. சுவரில் சாயா சிந்தியிருக்கவில்லை. காரில் ஏறியதும் மகனைப் பிடித்தேன்.

“எலே, துக்கம் சொல்லப் போன எடத்துல சாயா குடிச்சியா?”

“நான் எங்க குடிச்சேன்? நீங்கதான் குடிச்சிருப்பிய. சுகர் உள்ள ஆளு, மாமி போட்ட சீனியக் கண்டா விடுவியளா?”

“வாய மூடிட்டு வண்டிய ஓட்டு.”

அடுத்து அமரவிளை. என்னோடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போன சரசம்மா வீடு. சேவியரை இடுப்பில் தூக்கி நடந்தவள் அவள். இனி என்மேல் பழி போடாதீர்கள் என்று ஜஸ்டின் காரைவிட்டு இறங்கவே இல்லை. சரசம்மா எனக்கொன்றும் காரில் இருக்கிறவனுக்கொன்றுமாக இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை நான் டம்ளரைப் பார்த்தபடிதான் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழுதாள், கையைப் பிடிக்கத் திரும்பினேன், அவ்வளவு நேரம்தான். ஒன்று கவிழ்ந்திருந்தது.

“நீ பண்டே கள்ளியாக்கும்,” மூக்கைத் துடைத்துக்கொண்டே சரசம்மா சொன்னாள். “வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டே குடிப்ப.”

நான் டம்ளரை எடுத்தேன். அது இருந்த இடத்தில் ஈரமாக ஒரு வளையம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எனக்குப் பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்து காரில் ஏறினேன்.

பொழியூரில் ரீத்தா வீட்டுக்கு முன்னால் இருந்த வரிசையைக் கடல் எடுத்துவிட்டது, இப்போது அவள் வாசல்தான் முதல் வாசல். ஜெபத்தைப் பற்றிச் சொன்னேன். டம்ளரைப் பற்றியும் சொன்னேன். அவள் உள்ளே போய் அவன் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு வந்து படியில் வைத்தாள்.

“பாத்துட்டே இருந்தா குடிக்க மாட்டாரு மாமி. அங்கோட்டு திரும்புங்க.”

அவளும் நானும் ஜஸ்டினுமாக மூன்று பேரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றோம். வெயில் சாய்கிறவரை நின்றோம், நம்பினால் நம்புங்கள். காற்று நன்றாக அடித்தது. பிறகு ரீத்தாதான் முதலில் திரும்பினாள். டம்ளர் வைத்தபடியே இருந்தது. தண்ணீரின் அடியில் மணல் படிந்திருந்தது.

“மத்த வீட்டுக்கெல்லாம் போனாரு,” என்றாள். “எனக்க வீட்டுக்கு வரல்ல. ஜெபத்த வைங்க மாமி.”

தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் சொல்லாமல் இறங்கினோம்.

ஜெபம் நடந்தது. ரீத்தா வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள், அவளும் அழவில்லை.

நான் இதுவரை அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. பொழியூர் போய் வந்த மறுநாள் காலையில் என் கட்டில் பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்த டம்ளர் கவிழ்ந்திருந்தது. அன்றிலிருந்து எல்லாக் காலையும் அப்படித்தான். கீழே அந்த வெள்ளை வளையம். ஜஸ்டின் பார்ப்பான், துணி எடுத்துவந்து துடைத்துவிடுவான். வளர்த்தவள் வீட்டுக்கு வந்தவன் கட்டினவள் வீட்டுக்குப் போகவில்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்ல? ஞாயிறுதோறும் அவள் வந்து இந்தக் கட்டிலில்தான் உட்காருவாள். அவள் வருமுன் டம்ளரை நிமிர்த்தி வைத்துவிடுவேன்.

இன்றைக்கு ஞாயிறு. இன்றைக்கு நான் நிமிர்த்தவில்லை. பிளெஸி, அவள் பஸ் வருவதற்குள் எழுதினதையெல்லாம் ஒரு தடவை வாசி மக்கா, கேட்கிறேன்.