குழியிலிருந்து ஏறி வந்த நெட்டி கார்கில்

ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துச் சணல் ஆலைகளில் பெண்களுக்குத்தான் வேலை. பெண் என்றால் பாதிக் கூலி கொடுத்தால் போதும் என்பது முதலாளிகளின் கணக்கு. அதனால் அம்மாக்கள் தறிக்குப் போனார்கள். அப்பாக்கள் வீட்டில் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நெட்டி கார்கிலின் அப்பா டேவியும் அப்படித்தான். தெருவிலேயே நல்ல டீ போடுகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

நெட்டிக்குப் பதினைந்து வயதானபோது குனியாமல் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆறடிக்கு மேல் போய்விட்டாள்.

"ஏ நெட்ட நெட்டி, மேல மழை வருதான்னு பாத்துச் சொல்லுடி" என்று தெருப்பெண்கள் கேலி செய்வார்கள்.

"வருது. ஒன்கிட்ட வந்து சேர நேரமாகும். மெதுவாவே நட" என்பாள் நெட்டி.

அவளும் தறிக்குத்தான் போனாள். தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் உதட்டசைவிலும் கைஜாடையிலும்தான். நெட்டி மற்றவர்களை விட ஒரு தலை உயரம் என்பதால் அவள் முகம் கூடத்தின் கடைக்கோடி வரை தெரியும். ஒரு நாள் மேஸ்திரி மூக்கைச் சிந்திவிட்டு, கைக்குட்டையை விரித்துப் பார்த்து, அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்ளும் அழகை அவள் நடித்துக் காட்டினாள். கூடமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே சீட்டு கிழிந்தது.

அம்மா கண்ணைக் கசக்கினாள். டேவி ஒரு கோப்பை டீயை மகளிடம் நீட்டினார். "சும்மா செஞ்சதுக்கே வேலையப் புடுங்கிட்டான். காசு வாங்கிட்டுச் செஞ்சா என்னத்தப் புடுங்குவான்? நாடகக் கொட்டகைக்குப் போய்க் கேளு புள்ள."

கேட்டாள். நாடகக் குழுவை நடத்திய ரென்னி, அவள் நடித்துக் காட்டியதைப் பார்த்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நடிப்பு இருக்கும்மா. ஆனா ஒனக்கு ஜோடியா யாரைப் போடுவேன்? சர்ச் கோபுரத்தைத்தான் நிறுத்தணும்."

கோபுரம் கிடைக்கவில்லை; ஜோடியும் கிடைக்கவில்லை. போலீஸ்காரன், பேய், கோட்டை வாசல் காவலாளி என்று வேஷம் கட்டினாள். அப்புறம் உலகச் சண்டை வந்தது. ஆண் நடிகர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போனார்கள். ராஜா வேஷத்துக்கு ஆள் இல்லாமல் ரென்னி தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, நெட்டி கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். பொருத்தமாக இருந்தது. நான்கைந்து குளிர்காலம் அந்த ஊருக்கு ராஜா அவள்தான். "இன்னிக்கு ராஜா கார்கிலா? அப்ப ரெண்டு டிக்கெட் குடு" என்று ஆலைப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

சண்டை முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். கிரீடம் இறங்கி, கைக்கு டீத் தட்டு வந்தது. லண்டனுக்குப் போனாள், அங்கேயும் அதே தட்டு. "அம்மணி, சாப்பாடு தயார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எத்தனை நாடகங்களில் அந்த ஒரே வரியைச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆனாலும் ஒரு தடவை சொன்ன மாதிரி மறு தடவை சொன்னதில்லை.

முப்பத்தைந்து வயதில் சினிமா கூப்பிட்டது. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுக்கப்போகும் காதல் கதை. மீனவப் பெண்தான் நாயகி. இயக்குநர் ஹ்யூகோ ஸ்ட்ராங் அவளுடைய புகைப்படத்தைப் பார்த்தே ஒப்பந்தம் போட்டுவிட்டார். அது மார்பளவுப் புகைப்படம். ரயிலை விட்டு அவள் இறங்கி நிமிர்ந்ததும் அவருக்கு முகம் செத்துப்போனது. ஒட்டு மீசையோடு கப்பல் கேப்டனாக நடித்த ஐவர் பெம்பர்ட்டன் நாடறிந்த நாயகன். அவர் நெட்டியின் தோளுக்குத்தான் வந்தார்.

வேறு வழி தெரியாத ஸ்ட்ராங், மணலில் நீளமாகக் குழி வெட்டச் சொன்னார். நெட்டி குழிக்குள் நடக்க, ஐவர் மேலே குழியின் விளிம்போரமாக நடந்து காதல் பேசுவார். கேமராவுக்கு நாயகிதான் குள்ளம். குழியில் கடல்நீர் ஊறி முழங்கால் வரை நனைந்தது. நெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் இதைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை, அவர்களில் ஒருத்தி கத்தியை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, ஒன்னை உயிரோடயே பொதைக்கிறாங்களா? சொந்தக்காரங்களுக்கு ஆள் அனுப்பவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் பாவாடையைப் பிழிந்துவிட்டுக் குழியை விட்டு ஏறினாள்.

"குழிக்குள்ள எறங்குங்க மிஸ் கார்கில். வெளிச்சம் போயிடும்" என்றார் ஸ்ட்ராங்.

"எறங்க மாட்டேன் சார். இந்தப் பொண்ணு துடுப்புப் போட்டுக் கப்பல்காரனக் காப்பாத்தினவன்னு கதையில இருக்கு. அவ எதுக்குக் குள்ளமா இருக்கணும்?"

"ஒரு தந்தி அடிச்சா நாளைக்கு வேற ஆள் வந்து நிப்பா."

"அடிங்க. குழியை மட்டும் மூடிடுங்க, ராத்திரில ஆடு விழுந்துடும்."

ஸ்ட்ராங் வாயைத் திறப்பதற்குள் ஐவர் பெம்பர்ட்டன் மணலில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றினார். உள்ளே மூன்று விரற்கடை உயரத்துக்குத் தக்கை.

"இருவது வருஷமா இதுல நிக்கிறேன் ஹ்யூகோ" என்றார். "கால் போச்சு. அவங்க ஏறிட்டாங்க, நான் எறங்கிடறேன். இப்படியே எடுத்துப் பாரு. நல்லா இல்லேன்னா தந்தி அடி."

வெறுங்காலோடு அவள் முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். கேமரா ஓடத் தொடங்கியது. காற்று சுழன்று அடித்தது. நெட்டி குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். ஐவர் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது. மீன் அறுத்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தந்தி அடிக்கிற பேச்சை ஸ்ட்ராங் பிறகு எடுக்கவே இல்லை.

அந்தக் காட்சியில் காற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிட்டதால், மேலே வயலின் இசையைப் போட்டு மூடினார்கள். படம் வந்தது. அந்தப் புன்னகையைப் பார்த்துப் பத்திரிகைகள் உருகின. அப்படி என்னதான் சொல்லியிருப்பாள் என்று நாடு முழுக்கப் பேச்சு.

டண்டியில் யாருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை. முதல் நாள் கொட்டகை நிறைய ஆலைப் பெண்கள். வயலின் உருகிக்கொண்டிருந்தபோது அத்தனை பேரும் நெட்டியின் உதட்டைப் படித்தார்கள். "மீசை ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுத் தொங்குது. சிரிச்சா விழுந்துடும். அப்படியே இருங்க." கொட்டகை அதிர்ந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த டேவியின் தொப்பியைப் பறித்து யாரோ மேலே எறிந்தார்கள். அது திரும்பி வரவில்லை.

அதன் பிறகு லண்டனில் ஒரு நாடகாசிரியர் அவளுக்கென்றே நாடகம் எழுதினார். புருஷன் விட்டுப்போன கப்பல் கம்பெனியைத் தனியாளாக நடத்தும் ஒருத்தியின் கதை. திரை தூக்கியதிலிருந்து விழும் வரை மேடையை விட்டு இறங்காத பாத்திரம். முதல் நாள் திரை விழுந்தது. முன்வரிசை எழுந்தது, அதன் பின்வரிசை எழுந்தது, மாடியும் எழுந்து நின்று கைதட்டியது. திரையை எத்தனை தடவை தூக்கியும் அவர்கள் உட்காரவில்லை. கூட்டத்தில் இருந்த கிழவர் ரென்னி, "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர்கள் பெரிய ஹோட்டலில் விருந்துக்குக் காத்திருந்தார்கள். நெட்டி அப்பாவையும் ஊரிலிருந்து வந்திருந்த தறிக்காரச் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, தெருமுனைக் கடையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினாள்.

"லண்டன்காரனுக்கு மீன் வறுக்கத் தெரியல" என்றார் டேவி.

"வாய மூடிட்டுத் தின்னுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

உண்மையில் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். நாடகம் முடிந்து வந்த கனவான்கள், விளக்கடியில் எண்ணெய்க் காகிதத்தோடு நிற்கும் அவளை அடையாளம் கண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடந்தார்கள். கை நிறைய மீன் இருந்ததால் நெட்டி ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் அசைத்தாள், வாயில் இருந்ததை மென்றபடியே.