தலையணையும் இரண்டு புள்ளிகளும்

பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தால் போதும், என்னையறியாமல் பின்னுக்குச் சாய்ந்துவிடுவேன். நேற்று தொப்பூர் இறக்கத்தில் ஓர் அம்மா திரும்பி முறைத்தே விட்டார்கள். அவர்களிடம் என்னத்தைச் சொல்வது.

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, பொம்மிடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை கிடைத்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகர ஷெட், உள்ளே லாரி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. வானத்துக்குப் போகிற தொலைநோக்கியின் கண்ணாடியை அதற்குள் வைத்துச் சோதிப்பார்கள். சூரியனின் அதீத புற ஊதா ஒளியைப் பார்க்கிற கண்ணாடி. காற்று அந்த ஒளியை விழுங்கிவிடுமாம். அதனால் தொட்டிக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். ஒரு கோடியில் ஒளி கசிகிற ஊசிமுனையளவு இரண்டு துளைகள், பக்கத்தில் பக்கத்தில். மறுகோடிக் கண்ணாடிக்கு அவை இரண்டாகவே தெரிய வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிக்கு எண்ணெய்ப்பசைதான் எமன். அதனால் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். டீக்கடையில், "எந்த வூட்ல எழவுப்பா?" என்று துக்கம் விசாரித்தார்கள். பிறகு வேறு கவலை பிடித்தது. என் சம்சாரம் எண்ணெய் வைக்கிறாளே, இருவருக்கும் ஒரே தலையணையாயிற்றே?

"நான் பாயில படுத்துக்கறன். நீங்க உங்க கண்ணாடியக் கட்டிக்கிட்டுப் படுங்க" என்றாள்.

முக்கியமான சோதனையன்று கம்ப்யூட்டர் திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகக் கலந்து தெரிந்தன. கண்ணாடி கெட்டிருந்தால் எல்லோருடைய வருஷக்கணக்கு உழைப்பும் போச்சு, என் வேலையும் போச்சு. பொறியாளர் ரேவதி மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், சம்சாரம் எண்ணெ வெக்கிறா. அவ பாய்க்குப் போயும், நான் தலகாணிய மாத்தாமப் படுத்துட்டனுங்க."

விஷயம் புரிய அவர்களுக்குச் சற்று நேரமாயிற்று. சிரிக்கவில்லை. "எண்ணெ பட்டா வெளிச்சம் மங்குங்ண்ணா. இது மங்கல, இழுவியிருக்கு. என்னமோ ஆடுது."

அப்போதுதான் காலடித் தரை அதிர்வதைக் கவனித்தோம். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்து, மறுபடி படம் எடுத்தார்கள்.

"எத்தனைங்ண்ணா தெரியுது?"

"ரெண்டுங்க மேடம்."

"அப்ப அக்காவ பாயில படுக்க வெக்காதீங்க."

அந்த ஷெட்டில் இப்போது மாம்பழக்கூழ் டப்பாக்களை அடுக்கியிருக்கிறார்கள். தொலைநோக்கி மேலே போய், நன்றாக உழைத்து, ஓய்ந்தும் விட்டது. ஓய்ந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்குமாம். சுற்றிச் சுற்றி ஒருநாள் யார் தலையிலாவது விழுந்து தொலைக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதைக்கிறது. "விழாதுங்ண்ணா" என்று சொல்ல, மேடம் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ.