தொந்தரவு கொடுக்காதவள்

க்ளெனிஸ் ப்ராஸரைப் போல ஒழுங்கான பெண் எங்கள் தெருவிலேயே கிடையாது. அவளுடைய ஒழுங்கைப் போல என் பொறுமையைச் சோதித்த விஷயமும் கிடையாது. பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடக் குழம்பு குறையவிட்டதில்லை என்று இன்னும் சொல்லிக்கொள்வாள். வேல்ஸில் இந்தப் பள்ளத்தாக்குக்கு நான் குடிவந்ததிலிருந்து அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு தடவை காதில் சீழ் பிடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கிளினிக்குக்குப் போன் போடச் சொன்னேன்.

"ஐயோ, எதுக்கு? என்னைவிட மோசமா இருக்கிறவங்க எத்தனை பேர் காத்திருக்காங்க" என்றாள்.

அவள் கணவர் எம்ரிஸுக்கு வலிப்பு நோய். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒன்று. அது தவறாமல் உள்ளே போனதால்தான் பல வருஷங்களாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அதனால் கார் ஓட்டும் லைசென்ஸும் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், நடக்க முடியாதவர்களைத் தன் பழைய காரில் ஏற்றித் தேவாலயத்துக்குக் கூட்டிப் போவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவருக்குத் தான் ஒரு மனுஷன் என்ற நினைப்பே வரும். மாத்திரை விஷயத்தில் மட்டும் குழந்தை. க்ளெனிஸ் உள்ளங்கையில் வைப்பதை என்ன ஏது என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

மாதாமாதம் மருந்துச் சீட்டில் வேண்டியதற்கு எதிரே குறி போட்டு, கிளினிக் வாசலில் உள்ள பெட்டியில் போடுவது அவள் வேலை. இரண்டொரு நாளில் பக்கத்து மருந்துக்கடையில் பொட்டலம் தயாராக இருக்கும். கடைசி மாத்திரையையும் விழுங்கிவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும் எதிர்வீட்டு பெரிலைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம்.

"அவ வீட்ல காலண்டர்னு ஒண்ணு மாட்டலையா?" என்பாள்.

அந்த வருஷம் சீட்டின் அடியில் ஒரு வரி வந்திருந்தது. டாக்டர் எம்ரிஸை ஒருமுறை பார்த்த பிறகுதான் மருந்து தொடரும், நேரம் வாங்கிக்கொள்ளவும் என்று. நேரம் வாங்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்குப் போனில் ஊரோடு மல்லுக்கட்ட வேண்டும். நன்றாக நடமாடுகிற மனுஷனுக்காக அந்த வரிசையில் நுழைவதா என்று க்ளெனிஸ் தள்ளிப்போட்டாள். ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின நாள் மருந்துக்கடைக்குப் போனால் பொட்டலம் இல்லை.

"டாக்டர் சரி சொல்லல க்ளெனிஸ். அவரை ஒரு தடவை பாக்கணுமாம்" என்றாள் கடைப்பெண். "கைவசம் மாத்திரை இருக்கா? இல்லாட்டி சொல்லுங்க, அவசரத்துக்குக் கொஞ்சம் நாங்களே குடுக்கலாம்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் வரிசையில் பின்னால் நின்றது பெரில்.

"ஐயோ, எனக்கா? வீட்ல நிறைய இருக்கு" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள் க்ளெனிஸ்.

வீட்டில் இருந்தது ஒரு அட்டையில் மிச்சசொச்சம். கிளினிக் திறக்கும்வரை அதை இழுத்துப்பிடிக்கப் பார்த்தாள். காலையில் சரியான மாத்திரை. மாலையில், அவர் பயந்துவிடக் கூடாதே என்று, அதே போல வெள்ளையாக இருந்த ஒரு வைட்டமின் மாத்திரை. பெரிலிடம் தலைகுனிவதைவிடப் புருஷனை ஏமாற்றுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஈஸ்டர் ஞாயிறு காலை சுவருக்கு அந்தப் பக்கம் தடாலென்று சத்தம். ஓடினேன். நடையில் எம்ரிஸ் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் கார் சாவி. க்ளெனிஸ் போனில் ஆம்புலன்ஸ்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க, உங்களைத் தொந்தரவு பண்றேன். இதைவிட அவசரமா யாராச்சும் இருந்தா முதல்ல அவங்களைப் பாருங்க."

போனை அவள் கையிலிருந்து பிடுங்கி, நான் கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அவர் காரில் இருந்திருப்பார், பின் இருக்கையில் நடக்க முடியாதவர்களோடு.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். எம்ரிஸுக்கு நினைவு திரும்பியதும் ஒரு இளம் டாக்டர் வந்து, மாத்திரை ஏதாவது தவறியதா என்று கேட்டார்.

"ஒரு வேளைகூட இல்ல டாக்டர்" என்றார் எம்ரிஸ். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. "என் பொண்டாட்டிதான் குடுக்கிறா. அவ கையில தப்பே நடக்காது."

"அப்படின்னா இந்த மருந்து உங்களுக்கு இனிமே சரிப்படாது. வேற மருந்துக்கு மாத்த வேண்டியிருக்கும்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். க்ளெனிஸ் பள்ளிப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினாள்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். பெரில் நின்றதைக்கூட விடவில்லை. எம்ரிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ சாயங்காலம் என் கையில வச்சது என்ன?"

"வைட்டமின்."

அவர் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய மருந்தே தொடரட்டும், ஆனால் ஒரு வருஷத்துக்காவது கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர்.

விடுமுறை முடிந்த காலையில் ஒரு பாத்திரம் சூப்போடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடையில் நாற்காலி போட்டு எம்ரிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எம்ரிஸ் ப்ராஸர். ஆமா, நானேதான் பேசுறேன். டாக்டரைப் பாக்கணும். பரவாயில்ல, காத்திருக்கேன்."

அவர் மடியில், நாளுக்கொரு அறையாகப் பிரித்த மாத்திரை டப்பா திறந்திருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துப் பார்த்து அறைகளில் போட்டார். ஒன்று கைதவறித் தரையில் உருண்டது. க்ளெனிஸ் அதை எடுத்துக்கொண்டு, டப்பாவுக்காகக் கையை நீட்டினாள்.

"குடு, நான் போட்டுத் தர்றேன்."

அவர் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். குத்திக்காட்டிப் பேசத் தெரியாத மனுஷன், அன்பாகத்தான் சொன்னார்.

"வேண்டாம் கண்ணு. உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

க்ளெனிஸ் அந்த மாத்திரையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். நான் சூப்பை அடுப்பில் வைக்கிற சாக்கில் பின்னாலேயே போய், அவள் அழுது முடிக்கும்வரை கூட நின்றேன்.